இரு துடுப்பு, ஒரு படகு – 9: அமரத்திலிருந்து ஒரு குரல்

அணியம் படகின் முன்முனை, அமரம் பின்முனை. முன்னால் மச்சான், பின்னால் நான். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இது போதும். மற்றவர்களுக்கு எட்டு வாரமும் நினைவிருக்கும்.

கவிழ்ந்த படகில் இருவரும் திரும்ப ஏறுவது எப்படி என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குமுன் படகு ஏன் கவிழ்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். புதன் காலைக்குள் ஆசிரியருக்கு அனுப்ப வேண்டும், இப்போது செவ்வாய் இரவு.

கிள்ளான் பக்கம் மடிந்து விழும் அலை அதிகம் கிடையாது. எதிரே சுமத்ரா, நடுவே கெத்தாம் தீவும் இண்டா தீவும். இங்கே நம்மைச் சோதிப்பவை ஏற்றவற்றமும், பெரிய கொள்கலன் கப்பல் போன பிறகு கரையோர ஆழமற்ற நீரில் எழும் அலையும்தான். உண்மையான கரையலையைப் பழக வேண்டுமென்றால் கிழக்குக் கரைக்குப் போக வேண்டும். வடகிழக்குப் பருவக்காற்று நாட்களில் செரத்திங்கில் அலை வரிசை கட்டி வரும். ஆனால் அந்த மாதங்களில் சிவப்புக் கொடி பறந்தால் படகை வண்டியிலிருந்து இறக்கவே கூடாது. நாங்கள் போனது பருவம் தணிந்த நேரத்தில். பிரிக்பீல்ட்ஸில் விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பி, வழியில் பசியாறி, கரையைத் தொடும்போது வெயில் ஏறிவிட்டது.

இடுப்பளவுதான் அலை. ஒரு மீட்டர் அலை ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டர் ஆழம் வந்ததும் மடிந்து உடையும். அந்த இடத்தைக் கடந்துவிட்டால் பிரச்சினை இல்லை. பெரிய அலைகள் மூன்று நான்காகச் சேர்ந்து வரும், பிறகு கொஞ்சம் ஓய்வு. அந்த ஓய்வில் இருவரும் ஒரே தாளத்தில் வலித்தால் வெளியே போய்விடலாம். போய்விட்டோம். திரும்பும்போதுதான் படகின் பின்புறத்தை ஓர் அலை தூக்கியது. ஆறு மீட்டர் நீளப் படகு கரைக்கு இணையாகத் திரும்பிவிட்டது. நான் "சாயிங்க மச்சான்!" என்று கத்தினேன்.

அவர் சாய்ந்தார், கரைப் பக்கமாக.

உடம்பு தானாகச் செய்வது அதுதான். மோத வருவதை விட்டு விலகத்தான் யாருக்கும் தோன்றும். படகு குறுக்கே திரும்பிவிட்டால் அலைக்குள்ளேதான் சாய வேண்டும், துடுப்பை அலையின் முதுகில் பதித்து அதன்மேல் பாரத்தைப் போட வேண்டும். கரைப் பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்க விளிம்பை நீர் பிடித்துக்கொள்ளும், அலை படகைப் புரட்டிவிடும். எங்களையும் புரட்டியது. எழுந்து நின்றபோது வாயெல்லாம் மணல், மச்சானின் ஒரு காதில் கடல் இரைந்துகொண்டிருந்தது. படகு எங்களுக்கும் கடலுக்கும் நடுவே மிதந்தது. இருக்கவே கூடாத இடம் அது. நாங்கள் உட்காரும் இரண்டு குழிகளிலும் 200 லிட்டர் நீர் புகுந்தால் 200 கிலோ. அடுத்த அலை அதை முழங்காலில் தள்ளினால் எலும்பு தாங்காது. கையைப் பிடித்து அவரைக் கடல் பக்கமாக இழுத்துக்கொண்டேன்.

தப்பு அவர்மேல் இல்லை, சொல்மேல். அணியத்தில் இருப்பவருக்குப் பின்னால் வரும் அலை தெரியாது. அமரத்தில் இருப்பவருக்கு எல்லாம் தெரியும், முன்னவரின் முகம் மட்டும் தெரியாது. இருவருக்கும் நடுவே இருப்பது குரல் ஒன்றுதான். "சாயிங்க" என்றால் எந்தப் பக்கம்? "இடது", "வலது" என்றாலும் அந்த நொடியில் குழம்பும். அன்று கரையில் உட்கார்ந்து முடிவு செய்தோம்: "கடல்!" என்றால் கடல் பக்கம் சாய்வது, "நில்!" என்றால் பின்னோக்கி வலித்து அலையை அடியில் போகவிடுவது, "போ!" என்றால் போன அலையின் முதுகைத் துரத்துவது. மூன்றே சொல். சுக்கானை மேலே தூக்குவது என் வேலை, மணலில் மாட்டினால் வளைந்துவிடும். அதன்பின் நான்கு முறை கரை சேர்ந்தோம், ஒரு தடவைகூடக் கவிழவில்லை.

இதை எழுத உட்கார்ந்தபோதுதான் பழைய மதராஸ் மசூலா படகுகளைப் பற்றி வாசித்தேன். மூன்று நாளாக வேறு நினைப்பில்லை. 1639இல் ஆங்கிலேயர் அங்கே இடம் வாங்கியது முதல் 1870களில் துறைமுக வேலை தொடங்கும்வரை, இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கப்பல்கள் வெளிக்கடலிலேயே நங்கூரமிட்டன. ஆள், சரக்கு, குதிரை எல்லாம் கரையலையைத் தாண்டியே வந்தன. ஆங்கிலேயர் கொண்டுவந்த ஆணியடித்த படகுகள் மணலில் மோதி உடைந்தன. நம்மவர் படகில் ஆணியே இல்லை. பலகையைப் பலகையோடு தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள், உள்ளே குறுக்குக் கட்டைச் சட்டமும் கிடையாது. தரையில் மோதும்போது படகே நெளிந்து கொடுக்கும். அமரத்தில் நீண்ட துடுப்போடு படகுத் தலைவரான தண்டல் நிற்பார். அவர் குரலுக்குத் துடுப்புக்காரர்கள் பாட்டாகப் பதில் சொல்வார்கள், அலை நெருங்கினால் பாட்டின் வேகம் மாறும். முன்னால் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்க வேண்டியதே இல்லை. பாட்டிலேயே அலை தெரிந்துவிடும்.

கட்டுமரக்காரர்களின் கதை இன்னும் அருமை. மசூலா இறங்க முடியாத நாளிலும் அவர்கள் இறங்குவார்கள். நனைந்துவிடாதபடி கடிதங்களைத் தலையில் போட்ட கூம்புத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு கப்பலுக்குப் போவார்கள். அலை அடித்துத் தள்ளினால் நீந்தி வந்து மறுபடி ஏறிக்கொள்வார்கள். வணிகமும் அரசாங்கமும் அந்தத் தொப்பிக்குள் இருந்தன! இதைப் படித்துவிட்டு இரவு பதினொரு மணிக்கு மச்சானுக்குப் போன் போட்டேன்.

என் பாட்டி நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறிச் சுவெட்டன்ஹம் துறைமுகத்தில் இறங்கியவர். அந்தத் துறைமுகத்துக்கு 1972இல்தான் போர்ட் கிள்ளான் என்று பெயர் வந்தது. நாகையிலும் கப்பல் தள்ளித்தான் நிற்கும், படகில் போய் ஏற வேண்டும். கப்பலைப் பற்றிப் பாட்டி அதிகம் பேசியதில்லை. அந்தப் படகைப் பற்றித்தான் பேசுவார். "கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன்யா, படகுக்காரன் சத்தம் மட்டுந்தான் கேட்டுச்சு. சத்தம் நின்னா அலை வருதுன்னு அர்த்தம்" என்பார். சின்ன வயதில் அதைக் கதையாகக் கேட்டேன். செரத்திங்கில் "நில்!" என்று கத்திவிட்டு வாயை மூடிக் காத்திருந்த அந்த நொடியில்தான் பாட்டி சொன்னது விளங்கியது.

பக்கம் முடிந்துவிட்டது. கவிழ்ந்த படகில் யார் முதலில் ஏறுவது, மற்றவர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்பது கட்டாயம் அடுத்த வாரம். அதுவரை ஒரு வேலை: உங்களோடு படகேறப் போகிறவரோடு உட்கார்ந்து உங்கள் மூன்று சொற்களை முடிவு செய்யுங்கள். கரையிலேயே கண்ணை மூடிச் சொல்லிப் பாருங்கள்.

(தொடரும்)