திருச்சியில் படம் எடுக்க எங்கே நிற்பது?

கொள்முதலுக்காகத் திருச்சி வரும் வெளியூர் வணிகர்கள் பலர் குடும்பத்தோடு வருகிறார்கள். சரக்கு லாரியில் ஏறும் வரை அரை நாள் ஓய்வு கிடைக்கும். கைபேசியோடு ஊர் சுற்றக் கிளம்பி, மலையடிவாரத்திலும் ராஜகோபுரத்தின் காலடியிலும் நின்று அண்ணாந்து படம் எடுத்துவிட்டு, "ஒன்றும் சரியாக விழவில்லை" என்று நம் கடையில் வந்து குறைப்படுகிறார்கள். பெரியதைத் தள்ளி நின்று எடுக்க வேண்டும். வெயில் நம் முதுகில் விழ வேண்டும். விஷயம் இவ்வளவுதான்.

மலைக்கோட்டைக்கு ஏற்ற இடம் தெப்பக்குளத்தின் மேற்குக் கரை. லூர்து அன்னை ஆலயம் உள்ள பக்கம். மாலை நான்கு மணிக்கு மேல் வெயில் பாறை மீது நேராக அடிக்கும். குளத்தில் நீர் இருந்தால் மலையின் நிழலும் சேர்ந்து விழும். காலையில் அங்கே நின்றால் சூரியன் மலைக்குப் பின்னால் இருப்பான். கறுப்பு உருவம்தான் கிடைக்கும்.

ஆகவே காலையில் மலை மேல் ஏறிவிடுவது நல்லது. நானூறுக்கும் மேற்பட்ட படிகள். பாறை சுடுவதற்குள் உச்சிப் பிள்ளையாரைத் தரிசித்துவிட்டு வடக்கே பாருங்கள். காவிரி, தீவாக ஸ்ரீரங்கம், அப்பால் கொள்ளிடம், தென்னைகளுக்கு நடுவே கோபுரங்கள். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்குப் பிறகு சில நாள் கழித்து வந்தால் ஆற்றில் நீர் பார்க்கலாம். கோடையில் வந்தால் மணல்தான்.

ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் தெற்கு நோக்கியது. மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால் பகல் முழுவதும் முகப்பில் வெளிச்சம் உண்டு. வைகாசி, ஆனியில் நண்பகல் சூரியன் நம் உச்சிக்குச் சற்று வடக்கே போய்விடுவதால் முகப்பு நிழலில் கிடக்கும். அந்த மாதங்களில் உச்சி வேளையைத் தவிர்க்கவும். 13 நிலை, 236 அடி. தெற்கே கடைகளைத் தாண்டி நன்றாகப் பின்னால் வந்தால்தான் முழுதும் அடங்கும். லினேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி 1858-இல் இவ்வூர்களைப் படம் பிடித்தபோது இது முடிவுபெறாத மொட்டைக் கோபுரம். 1987-இல்தான் நிறைவடைந்தது. நம்மில் வயதானவர்கள் இரண்டையும் பார்த்தவர்கள்.

கூட்டமில்லாத படம் வேண்டுவோர் கிழக்கே வெள்ளைக் கோபுரத்துக்குக் காலை ஏழு மணிக்குப் போகலாம். கீழ உத்திர வீதியில் நின்றால் வெள்ளைச் சுதை இளவெயிலில் பளிச்சென்றிருக்கும். என் கணக்கில் ராஜகோபுரத்தைவிட இதுவே அழகு. வீதிகளில் எடுக்கலாம், கோயிலுக்குள் கைபேசி வேண்டாம். கோயில்களில் கைபேசியைத் தடை செய்ய 2022 டிசம்பரில் மதுரை உயர் நீதிமன்றக் கிளை உத்தரவிட்டது.

நம் கடைகளும் படத்துக்குரியவைதான் என்பதை நாமே மறந்துவிடுகிறோம். காந்தி மார்க்கெட்டில் விடியுமுன் விளக்கொளியில் மூட்டை இறங்குவதும், தக்காளிக் கூடைகளும், தராசு முன் நடக்கும் பேரமும் வேறெங்கும் கிடைக்காது. மொத்த வியாபாரத்தை ஊருக்கு வெளியே மாற்றும் பேச்சு நெடுநாளாக உள்ளது. கள்ளிக்குடியில் அதற்கென வளாகமும் கட்டினார்கள். மாறினால் இந்தக் காட்சியும் போய்விடும். இப்போதே எடுத்து வைப்பது நல்லது. சுமை தூக்குவோரைக் கேட்டுவிட்டு எடுக்கவும். முதுகில் மூட்டையோடு வருபவரை வழிமறிக்கக் கூடாது.

பெரிய கடைவீதி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். நடந்து போகிறவர் கண்ணுக்குக் கட்டடங்களுக்கு மேலே மலை தலைகாட்டும் இடங்கள் சில உண்டு. அங்கே குறுக்கே தொங்கும் பிளக்ஸ் பலகையையும் வெளியே நீட்டிய தார்ப்பாயையும் சற்று உள்ளே இழுத்துக் கட்டினால், படம் எடுக்க நிற்பவர் நம் வாசலில்தான் நிற்பார்.