நடக்க முடிந்தால் முறிவில்லை என்று யார் சொன்னது?

படியில் கால் பிசகி, பாதம் வீங்கிவிடுகிறது. "நடக்க முடியுதுல்ல? அப்ப எலும்புக்கு ஒண்ணுமில்ல, சுளுக்குதான்" என்று எண்ணெய் தடவி உருவிவிடுகிறார்கள். பாதத்தைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு தப்பு. ஒரு பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. ஒன்று முறிந்தாலும் மற்றவை உடம்பைத் தாங்கிக்கொள்ளும். முறிந்த காலோடு வாரக்கணக்கில் நொண்டியபடி வேலைக்குப் போனவர்கள் எத்தனையோ பேர்.

நாலு எட்டு ஊன்றி நடக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே கட்டாயம். நடக்க முடிந்தாலும், சுண்டுவிரலிலிருந்து குதிகால் பக்கமாகத் தடவி வரும்போது பாதத்தின் வெளி ஓரத்தில் புடைத்து நிற்கும் எலும்பை அழுத்தினால் வலிக்கிறதா என்று பாருங்கள். வலித்தால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். உள்ளங்காலில் ரத்தம் கன்றியிருந்தாலும் அப்படித்தான். உயரத்திலிருந்து விழுந்து குதிகால் உடைந்தவருக்கு முதுகெலும்பையும் பார்க்கச் சொல்லுங்கள். மரம் ஏறுகிறவர்களும் சாரத்தில் நின்று வேலை செய்கிறவர்களும் இதை மறக்கவே கூடாது.

எனக்குப் பெரிய பயம் இறுக்கமான கட்டுதான். நாட்டுக்கட்டோ ஆஸ்பத்திரி மாவுக்கட்டோ, உள்ளே வீக்கம் ஏற ஏற ரத்த ஓட்டம் நெரிபடும். சில மணி நேரத்தில் தசை செத்துப்போகும். கட்டிய பிறகு வலி குறைய வேண்டும். மாறாக ஏறிக்கொண்டே போனால், விரலை அசைத்ததும் உயிர் போவதுபோல் வலித்தால், விரல்கள் மரத்துப்போனால், வெளிறியோ நீலமாகவோ தெரிந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நள்ளிரவானாலும் போய்க் கட்டைப் பிரிக்கச் சொல்லுங்கள். காலையே எடுக்க வேண்டிய நிலை இப்படித்தான் வருகிறது.

நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே தெரியாமல் போகலாம். ஒரு பாதம் மட்டும் சிவந்து, சூடாகி, வீங்கினால் அதை ஊன்றாமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். ஊன்றி நடந்தால் உள்வளைவே நொறுங்கி இறங்கிவிடும்.

சின்ன விரல் முறிவுக்குப் பெரும்பாலும் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டினாலே போதும். வெளி ஓர எலும்பில் சில இடங்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு; அங்கே முறிந்தால் எலும்பு ஒன்றுசேரத் தாமதமாகும். புகைபிடித்தால் இன்னும் தாமதம்தான்.

வேலையிடத்தில் அடிபட்ட இ.எஸ்.ஐ. அட்டைதாரருக்கு, மருத்துவர் சான்று தரும் ஓய்வு நாட்களுக்குக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். தமிழ்நாட்டில் சாலை விபத்து என்றால், 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. அந்தப் பதிவுகளையும் எக்ஸ்ரே படத்தையும் பத்திரப்படுத்துங்கள்; இழப்பீடு கேட்கும்போது தேவைப்படும். முதல் படத்தில் ஒன்றும் தெரியாமல் வலி மட்டும் நீடித்தால், இரண்டு வாரம் கழித்து எடுக்கும் படத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் அது வேண்டும். மயிரிழை விரிசல் பல நேரம் அந்த இரண்டாவது படத்தில்தான் தெரியவரும்.