உங்களுக்குத் தெரியுமா? டவர் இல்லாத இடத்திலிருந்து ஒரு வரி

● கார்மின் இன்ரீச் மினி போன்ற சாட்டிலைட் மெசஞ்சர் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். எடை சுமார் 100 கிராம். செல்போன் டவரே இதற்குத் தேவையில்லை. சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் 66 இரிடியம் செயற்கைக்கோள்களில், அந்த நேரத்தில் தலைக்கு மேலே வருவதைப் பிடித்துக்கொள்ளும். நம் வீட்டு மாடி டிஷ் பார்த்துக்கொண்டிருக்கும் செயற்கைக்கோளோ சுமார் 36,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இரிடியம் இவ்வளவு கிட்டத்தில் சுற்றுவதால்தான் கட்டைவிரல் அளவு ஆண்டெனா போதுமாக இருக்கிறது.

● வானம் தெரியாவிட்டால் கதை வேறு. அடர்ந்த காட்டிலும் ஒடுங்கிய பள்ளத்தாக்கிலும் செய்தி போகாமல் பல நிமிடம் காத்துக் கிடக்கும். பையின் அடியில், சாப்பாட்டு டப்பாவுக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவே திணித்து வைத்தாலும் அதே கதிதான். விவரம் தெரிந்தவர்கள் பையின் தோள்வாரில், ஆண்டெனா மேலே பார்க்கும்படி மாட்டிக்கொள்வார்கள்.

● ஒரு செய்திக்கு 160 எழுத்துதான். ஊர்க்கதை பேச இடமில்லை. 'வந்து சேர்ந்தோம், நலம்' என்பதை முன்பே எழுதி வைத்துவிட்டால், முகாமில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். நீங்கள் போகும் வழியை வீட்டார் வரைபடத்தில் புள்ளி புள்ளியாகப் பார்க்கலாம். வம்பு அங்கேதான். பேட்டரி தீர்ந்து புள்ளி நின்றால் வீட்டில் அடுப்பு எரியாது! 'இத்தனை மணி நேரம் பொறுங்கள், அதற்கும் மேல் போனால் இன்னாருக்குப் போன் போடுங்கள்' என்று கிளம்பும்போதே சொல்லி வைக்க வேண்டும்.

● இன்ரீச்சின் எஸ்.ஓ.எஸ். பொத்தானை அழுத்தினால் தகவல் முதலில் போவது அமெரிக்காவின் டெக்சாஸில் இருக்கும் 24 மணி நேர மையத்துக்கு. ஹெலிகாப்டர் அங்கிருந்து வராது. நீங்கள் நிற்கும் நாட்டின் மீட்புப் படைக்கு அவர்கள் சொல்லிவிடுவார்கள். இடையில் உங்களிடமும் கேட்பார்கள்: எத்தனை பேர், என்ன காயம், நடக்க முடியுமா? கால் முறிந்து கிடப்பவருக்கு அந்தப் பதில் வருவதே பாதித் தெம்பு.

● சந்தா கட்டாமல் அபாயக்குரல் கொடுக்க பி.எல்.பி. என்ற கருவி உண்டு. அதில் எழுத முடியாது, கூப்பிட மட்டும்தான் முடியும். அதன் பின்னால் இருக்கும் காஸ்பாஸ்-சார்சாட் ஏற்பாட்டைத் தொடங்கியவை அமெரிக்கா, சோவியத் யூனியன், கனடா, பிரான்ஸ். பனிப்போர் காலத்திலும் இதில் கைகோத்தன. 1982 செப்டம்பரிலேயே கனடாவில் விழுந்த சிறு விமானத்தில் இருந்தவர்களை இது காப்பாற்றிக் கொடுத்தது.

● நம் மீனவர்கள் அபாயக்குரல் கொடுக்க இஸ்ரோ செய்த 'டாட்' கருவி 2010 முதல் புழக்கத்தில் இருக்கிறது. பழைய கருவியில் பொத்தானை அழுத்தியவருக்கு, அது கரைக்குக் கேட்டதா என்று தெரியாது. நடுக்கடலில் அதைவிடக் கொடுமை உண்டா? 2024 ஜனவரியில் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவி, 'தகவல் கிடைத்தது' என்று திருப்பிச் சொல்கிறது. புயல் எச்சரிக்கையும் அதிலேயே வரும். ப்ளூடூத்தில் செல்போனோடு இணைத்தால் தாய்மொழியிலேயே படிக்கலாம்.

● மலையேறும் ஆசையில் இன்ரீச் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் இதை வைத்திருந்தாலே குற்றம். 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில், சோதனைத் தட்டில் இதை எடுத்து வைத்த வெளிநாட்டுப் பயணி ஒருவர் போலீஸில் சிக்கினார். வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும் மச்சான் "உனக்கு என்ன வாங்கி வரட்டும்?" என்று கேட்டால், வேறு ஏதாவது சொல்லுங்கள்.