மேல்காது குத்தியவர்களுக்கு

நந்தனத்திலிருந்து வெங்கட்நாராயணா சாலையில் நேரே போனால் தி. நகர் நகைக்கடைகள். கம்மல் வாங்கினால் காதும் குத்திவிடும் கடைகள் உண்டு. தாய்மாமன் மடியில் உட்காரவைத்து ஆசாரி குத்திய காலம் முதல் பெரும்பாலும் குத்தப்பட்டது கீழ்ச்சோணைதான். அது சதைப்பகுதி, ரத்த ஓட்டம் நன்றாக உண்டு, 6 முதல் 8 வாரத்தில் ஆறிவிடும். மஞ்சளும் தேங்காயெண்ணெயும் நல்ல பெயர் வாங்கியது அந்தச் சோணையின் தயவால்தான் என்பது என் சந்தேகம்.

இன்று கல்லூரிப் பிள்ளைகள் கேட்பது மேல்காது. அது குருத்தெலும்பு, உள்ளே ரத்தக் குழாய் கிடையாது, மேலே போர்த்திய மெல்லிய உறைதான் அதற்கு ஊட்டம் கொடுக்கிறது. முழுக்க ஆற ஆறு மாதம் முதல் ஒரு வருடம்வரை ஆகலாம். தொப்புளில் குத்தினாலும் ஆற அவ்வளவு காலம் ஆகும். வலி சில வாரத்தில் போய்விடும், வெளித்தோலும் மூடிக்கொள்ளும், உள்ளே மட்டும் பச்சைப்புண். பலர் தோட்டை மாற்றி வம்பை விலைக்கு வாங்குவது அந்தக் கட்டத்தில்தான்.

செய்ய வேண்டியது கொஞ்சம். மெடிக்கல் ஷாப்பில் நார்மல் சலைன் என்று கேளுங்கள்: 0.9 சதவீத உப்புநீர். திறந்த பாட்டிலில் கிருமி சேரும், அதனால் சிறியதாக வாங்குங்கள். கையை சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, காலையும் இரவும் காஸ் துணியில் நனைத்து முன்னும் பின்னும் ஒற்றுங்கள். பொருக்கு ஊறித் தானே வந்தால் சரி, நகத்தால் கிள்ளக் கூடாது. குளித்தது லாரித் தண்ணீரோ போர் தண்ணீரோ, கடைசியில் சலைன் விட்டு ஈரத்தை ஒற்றி எடுத்துவிடுங்கள். ஸ்பிரிட், டெட்டால், ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டாம். புதிதாக வளரும் தோலையும் அவை அரித்துவிடும்.

“திருகிக்கிட்டே இரு, இல்லாட்டி ஒட்டிக்கும்” என்று பாட்டி சொல்வார். ஒட்டுவது காய்ந்த நிணநீர்தான். திருகினால் அந்தப் பொருக்கு உள்ளே போய்ப் புண்ணைக் கீறும். ஹெல்மெட்டை நிதானமாகக் கழற்றுங்கள், அந்தப் பக்கம் படுக்காதீர்கள், தலையணை உறையை அடிக்கடி மாற்றுங்கள். மெரினா அலையும் நீச்சல் குளமும் ஆறும்வரை காத்திருக்கட்டும்.

குத்தும் முறையும் முக்கியம். ஸ்பிரிங் வைத்த ‘கன்’ குருத்தெலும்பை நசுக்கிக்கொண்டு போகும். பிளாஸ்டிக் பாகம் கொண்ட கன்னைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைக்கவும் முடியாது. புது ஊசிதான் நல்லது. 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஓரிகனில் ஒரே கடையில் மேல்காது குத்திக்கொண்ட பலருக்கு சூடோமோனாஸ் என்ற கிருமியின் தொற்று வந்தது. கிருமிநாசினி பாட்டிலிலேயே அந்தக் கிருமி வளர்ந்திருந்தது. தோடு டைட்டானியமாகவோ நிக்கல் கலக்காத தங்கமாகவோ இருக்கட்டும். கவரிங் நகையில் நிக்கல் இருக்கலாம், அதனால் அரிப்பு வரலாம்.

முதல் சில நாள் லேசான சிவப்பும் வெளிர்நிற நீரும் வருவது இயல்பு. மேல்காது முழுக்க வீங்கிச் சூடாகி, பச்சை அல்லது மஞ்சள் சீழ் வந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். தாமதித்தால் குருத்தெலும்பு கரைந்து காதின் வடிவமே மாறிவிடலாம். தோட்டை நீங்களாகக் கழற்றாதீர்கள். துளை மூடினால் சீழ் உள்ளேயே தேங்கும். எடுப்பதா வேண்டாமா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்வார்.