செப்புத் தகட்டில் குற்றாலம்

பனவடலிசத்திரத்துக் கரிசல் காட்டிலிருந்து மேற்கே பார்த்தால், பனைகளுக்கு அப்பால் மலைத்தொடர் வெளிர்நீலமாகத் தெரியும். அந்த மலையடிவாரத்துக்கு 1792இல் ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியல் வந்தார். கூடவே அவருடைய உடன்பிறந்தார் மகன் வில்லியமும் வந்தார். அவர்கள் தீட்டிய குற்றாலம், பாபநாசம் அருவிக் காட்சிகள், 1795 முதல் 1808 வரை லண்டனில் வெளியான ‘ஓரியண்டல் சீனரி’ என்ற 144 படங்களின் தொகுப்பில் உள்ளன.

அவர்கள் காலத்து நிலக்காட்சிக்கு ஓர் இலக்கணம் இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த கிளாட் லொரேன் வகுத்துத் தந்தது அது. முன்னால் ஓரமாக இருண்ட மரம், நடுவில் வெளிச்சம் விழும் நீர், கடைசியில் மங்கிக் கரையும் மலை. மரத்தடியில் ஆடு மேய்ப்பவர் ஓய்ந்து சாய்ந்திருப்பார். கிளை விரிக்காத பனைக்கு அந்த ஓரத்தில் இடம் கிடைப்பது கஷ்டம். ஆடு மேய்க்கும் நம் கீதாரியும் அதில் அடங்கமாட்டார். பகலெல்லாம் மேய்த்து, ராத்திரி அடுத்தவர் புஞ்சையில் உரத்துக்காகக் கிடை போட்டுக் காவலிருக்கும் மனிதருக்கு ஓய்வு ஏது? இருந்தாலும் அந்தத் தூரத்து மலையை எனக்கு மிகவும் பிடிக்கும். இடையிலுள்ள காற்று நீல ஒளியைச் சிதறடிப்பதால்தான் மலை அப்படி வெளிறுகிறது. அதைச் செப்புத் தகட்டின் வழியே அச்சில் கொண்டுவந்ததுதான் பெரிய வித்தை.

அந்த முறைக்கு அக்வாடின்ட் என்று பெயர். செப்புத் தகட்டில் பிசின் பொடியைத் தூவி, அடியில் சூடு காட்டுவார்கள். பொடி இளகி ஒட்டிக்கொள்ளும். தகட்டை அமிலத்தில் இட்டால், துகள்களுக்கு இடையே மட்டும் செம்பு அரிபட்டு நுண்குழிகள் விழும். மை தங்குவது அந்தக் குழிகளில். வெண்மையாக நிற்க வேண்டிய நுரைக்கு முதலிலேயே வார்னிஷ் பூசிவிடுவார்கள். அங்கே அமிலம் தொடாது. நாம் பார்ப்பது வெறும் காகிதம். மலைக்கு லேசாக ஒரு தடவை அரிப்பு, உடனே வார்னிஷ். முன்னால் நிற்கும் மரத்தை மட்டும் திரும்பத் திரும்ப அமிலத்தில் விடுவார்கள்; குழி ஆழமாக ஆக, இருட்டும் கூடும். அச்சான பிறகு ஒவ்வொரு தாளுக்கும் கையால் நீர்வண்ணம்.

பழைய படம் ஏதாவது கைக்கு வந்தால் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். அக்வாடின்ட் என்றால் ஒழுங்கில்லாத நுண்வலை போன்ற மைக்கோடுகள் தெரியும். வரிசை தப்பாத புள்ளிகள் தெரிந்தால் அது இக்கால ஆஃப்செட் நகல்.