தேநீர்க் கோப்பையும் தறியும்

கைப்பணிப் பொருள் விற்பனையாக வேண்டுமானால் கடை வேண்டும். வாங்க வருபவர் ஆறுதலாக இருந்து அதைப் பார்ப்பதற்கு ஓர் இடமும் வேண்டும். இரண்டையும் ஒரே வளவுக்குள் வைத்திருக்கும் ஒரு நிலையம் கொழும்பு 3, காலி வீதியில் உண்டு. 'பெயார்பூட்' என்னும் கைத்தறிக் கடையும் அதன் பின்முற்றத்துத் தேநீர்ச்சாலையுமே அது. 'வெறுங்கால்' என்பது அப்பெயரின் பொருள்.

பனையோலை வேலை செய்யும் மகளிர் குழுவினர் சிலருடன் சனி, ஞாயிறு இரு நாட்களும் கொழும்பில் தங்கியிருந்தோம். கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்தில் செபித்து, காலிமுகத்திடலில் கடற்காற்று வாங்கியபின் இங்கே வந்தோம்.

வாசலைக் கடந்ததும் கண்ணை நிறைப்பவை நிறங்களே. மஞ்சள், செம்மஞ்சள், கத்தரிப்பூ நிறம், கடல்நீலம் என்று அடுக்கடுக்காகத் துணிகள். சாரங்கள், மேசை விரிப்புகள், பைகள். கைத்தறித் துணியில் தைத்த யானைப் பொம்மைகள். அவற்றைத் தாண்டிப் போனால் மரநிழலில் முற்றம், அங்கே மேசைகளும் கதிரைகளும். தேநீர் குடிக்க வந்தவர் துணியைப் பார்க்காமல் போவதில்லை. துணி வாங்க வந்தவர் களைத்தால் இருப்பதற்கு இடமுண்டு. ஒன்று மற்றதற்கு ஆள் சேர்க்கிறது.

தேநீரின் விலையோ நமது சந்திக் கடை விலையல்ல. "இந்தக் காசுக்கு வீட்டில எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்தலாம்" என்றார் எங்களுடன் வந்த அம்மா ஒருவர். சற்று நேரத்தில் அவரே ஒரு மேசை விரிப்பை எடுத்து, மறுபக்கம் திருப்பி, ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். "பிள்ளையள், இஞ்ச பாருங்கோ. வெளிப்பக்கம் எப்பிடியோ உள்பக்கமும் அப்பிடித்தான். ஒரு பிசிறு இல்லை. பெட்டியின்ர அடியை ஆர் பாக்கப்போகினம் எண்டு நாங்கள் விட்டிடுறம்" என்றார். நாங்கள் கற்க வேண்டிய முதற் பாடத்தை அவரே சொல்லிவிட்டார்.

இந்த நிலையத்தின் தொடக்கம் நமது வாசகர்களுக்குப் பிடித்தமானதாக இருக்கும். பெண்பிள்ளைகளுக்கு நெசவு பழக்கி, அதன்மூலம் பிழைப்புக்கு வழிகாட்ட முயன்ற நல்லாயன் கன்னியர் சபையின் தலைவியான அருட்சகோதரி ஒருவர், பார்பரா சன்சோனி என்னும் ஓவியரிடம் உதவி கேட்டார். கண்டியில் 1928 இல் பிறந்த சன்சோனி இலண்டனில் ஓவியம் பயின்றவர், நெசவாளர் அல்லர். ஆயினும் நிறத்தை அறிந்தவர். இந்நாட்டின் கடல், வயல், வானம், பூ ஆகியவற்றின் நிறங்களை நூலுக்குக் கொண்டுவந்தார். 1964 இல் அது ஒரு நிறுவனமாயிற்று. அவர் 2022 இல் காலமானார். கிராமத்து நெசவு நிலையங்களில் பெண்கள் நெய்யும் துணிகளே இன்றும் அங்கு விற்பனையாகின்றன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பாவும் ஊடும், தறியும் நாடாவும் முன்பிருந்தவைதாம். நெய்த கைகளும் கிராமத்துக் கைகளே. புதிதாகச் சேர்ந்தவை மூன்று: நிறத் தெரிவு, தவறாத தரம், வாங்குபவரை வரவேற்கும் ஓர் இடம். இம்மூன்றும் சேர்ந்தபோது அதே வேலைக்கு வேறு மதிப்பு வந்தது.

நம்மிடமும் கைத்தொழில் இல்லாமலில்லை. மருதமுனையின் கைத்தறிப் புடவைகளை நாடெங்கும் அறிவார்கள். வடக்கில் கடகம், சுளகு, நீத்துப்பெட்டி, பாய் எல்லாம் பனையோலையிலேயே ஆனவை. இடம்பெயர்ந்தபோது காணியையும் கிணற்றையும் மாட்டையும் விட்டுவந்தோம். விரல்களில் இருந்த வேலையை யாரும் பறிக்கவில்லை. ஆனால் அந்த வேலைக்குரிய கூலியை நாமே கணக்கில் சேர்ப்பதில்லை. "ஓலை சும்மா கிடைத்ததுதானே" என்று வியாபாரி சொல்லும் விலைக்குக் கொடுத்துவிடுகிறோம்.

கணக்கைச் சிறிது பார்ப்போம். ஒரு பெட்டி இழைக்க 6 மணித்தியாலம் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்தில் நாட்கூலி 8 மணித்தியாலத்துக்கு. ஆகவே முக்கால் நாட்கூலி அந்தப் பெட்டியின் விலையில் இருக்க வேண்டும். அதனோடு ஓலை, சாயம், பஸ் செலவு ஆகியவற்றையும், பழுதாகிக் கழித்த பெட்டிகளின் செலவையும் சேர்க்க வேண்டும். கடைக்காரருக்கும் ஒரு பங்கு உண்டு. இப்படிக் கூட்டினால் வருவதே நியாயமான விலை. சந்தையில் அந்த விலை கிடைக்காதென்றால் வேலையை மலிவாக்குவது பரிகாரமல்ல. பொருளை மேலும் திருத்தமாகச் செய்வதும், வேறு வாங்குவோரைத் தேடுவதுமே வழி.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இத்தகைய கடைகளுக்கு வருவோரில் வெளிநாட்டார் பலர். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல், 2020 இல் வந்த கொரோனா, 2022 பொருளாதார நெருக்கடி ஆகிய காலங்களில் அவர்களின் வருகை வீழ்ந்தது. அவர்களை நம்பியிருந்த கைவினைஞர் தவித்தனர். ஆகவே வீட்டுத் தோட்டத்தையும் கோழிக் கூட்டையும் கைவிட்டு ஓலையை மட்டும் நம்புவது புத்தியன்று. அழகுப் பொருளுடன் அயலவர் அன்றாடம் வாங்கும் சுளகையும் கடகத்தையும் தொடர்ந்து செய்யுங்கள்.

கொழும்பிலுள்ள முற்றம் போல் ஒன்றை நாம் கட்ட முடியாது. கட்டவும் தேவையில்லை. பங்குத் திருவிழா நாளில் கோயில் வளவில் ஒரு கொட்டில் போதும். கடித்துக்கொள்ளப் பனங்கட்டியுடன் தேநீர் கொடுக்கலாம். சுற்றிவரப் பெட்டிகளைத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றிலும் விலையையும் செய்த கிராமத்தின் பெயரையும் எழுதிக் கட்டலாம். ஆகஸ்ட் 15 மடு மாதா திருவிழாவுக்கு நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். களைத்து வருபவர் இருந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் பொருளைக் கையிலெடுத்துப் பார்ப்பார். பார்த்தவர் எல்லாரும் வாங்கமாட்டார். பாராதவர் ஒருபோதும் வாங்கமாட்டார்.

யோப்பா ஊரில் தபித்தா இறந்தபோது, அவர் தைத்துக் கொடுத்த உடைகளைக் கைம்பெண்கள் அழுதபடி பேதுருவுக்குக் காட்டியதைத் திருத்தூதர் பணிகள் நூலில் வாசிக்கிறோம். கை செய்த நல்ல வேலை, செய்தவருக்காகப் பேசும். அடுத்த குழுக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் தாம் செய்த பொருள் ஒன்றைக் கொண்டுவாருங்கள். அதைத் திருப்பி, முதலில் அடிப்பக்கத்தைப் பாருங்கள். விலையை அதன்பின் பேசுவோம்.