உங்களுக்குத் தெரியுமா? வேஷம் போட்ட போர்க்கப்பல்கள்

சென்னை உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் எம்டன் குண்டு விழுந்ததைச் சொல்லும் கல்வெட்டு ஒன்று உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு மதராஸைத் தாக்கிய அந்த ஜெர்மன் கப்பலுக்கு மூன்று புகைபோக்கிகள்தான். நான்காவதாக ஒரு போலியைக் கட்டிக்கொண்டு, பிரிட்டிஷ் போர்க்கப்பல் யார்மவுத் போல நடித்தது. அக்டோபர் 28 விடியலில் அதே வேஷத்தில் பினாங்கு துறைமுகத்துக்குள் புகுந்து, ரஷ்யாவின் ஜெம்சுக் கப்பலை டார்ப்பிடோவால் மூழ்கடித்தது.

பெயின்டாலும் வேஷம் போடலாம். 1917இல் ஓவியர் நார்மன் வில்கின்சன், கப்பல்களில் கோணல்மாணலாகப் பட்டைகள் தீட்டச் சொன்னார். மறைப்பதற்காக அல்ல. கப்பல் எந்தத் திசையில், என்ன வேகத்தில் போகிறது என்று நீர்மூழ்கிக் கப்பல்காரர்களைக் குழப்பத்தான்!

இரண்டாம் உலகப் போரில், வணிகக் கப்பல்களுக்குக் காவல் போன சிறு கப்பல்களுக்குப் பறவை ஓவியரும் கடற்படை அதிகாரியுமான பீட்டர் ஸ்காட் வகுத்தது வெள்ளையும் வெளிர் நீலமும் வெளிர் பச்சையும். அட்லாண்டிக்கின் மேகம் மூடிய இரவில் கரும்பூச்சைவிட வெள்ளைதான் நன்றாக மறையும்.

பின்னாளில் இந்தியாவின் வைஸ்ராயான மவுன்ட்பேட்டனோ, தன் நாசகாரிக் கப்பல்களுக்கு அடித்தது சாம்பல் கலந்த இளஞ்சிவப்பு! விடியலிலும் அந்தியிலும் கண்ணில் படாது என்பது அவர் கணக்கு. நடுப்பகலில் அது எடுபடவில்லை.